மேஸ்திரி கை வைத்த அச்சு

உங்கள் பொலிஸ் கந்தோரில் இந்தக் கதிரையின் பின்கால் ஒன்று கட்டை, ஐயா. ஓலைத்துண்டு ஒன்றை மடித்து அடியில் செருகினால் ஆடாது. வந்து இருந்தவுடனேயே கவனித்துவிட்டேன். சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் சுபாவம் அது. என் மனைவி அன்னப்பிள்ளை இந்தச் சுபாவத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். அவளை நீங்கள் விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

போன கிழமை இறுப்பிட்டிக்கு வந்திருந்தபோது என் தோளில் தட்டி, "வீட்டை போம், ஆழ்வாப்பிள்ளை. நடந்தது நடந்துபோச்சு. நீர் கனக்க யோசியாதையும்" என்றீர்கள். நல்ல மனம் உங்களுக்கு. அதற்குப் பிறகும் நான் வத்தைத் தோணி பிடித்து வேலணையில் இறங்கி, இந்த வெயிலில் ஊர்காவற்றுறை வரைக்கும் நடந்து வந்திருக்கிறேன் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

மரண விசாரணைக்கு வந்த பெரியவர் சொன்ன தீர்ப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மன் கோயிலுக்கு மணி வார்க்கும்போது அச்சு வெடித்து இலட்சுமணன் இறந்தது விபத்து. அச்சில் ஈரம் இருந்தது மேஸ்திரிக்குத் தெரியவில்லை. ஆகையால் அவர் மேல் குற்றம் இல்லை. ஊர் முழுவதும் தலையாட்டியது. அந்தத் தீர்ப்பில் ஒரு பிழை இருக்கிறது, ஐயா. அதைத் திருத்தத்தான் வந்தேன். கிளாக்கர் தம்பி எழுதட்டும். என் பேச்சை அவர் விருப்பப்படி நல்ல தமிழாக்கிக்கொள்ளலாம். மற்ற ஆட்கள் சொன்னதை மட்டும் சொன்னபடியே விட்டுவிட வேண்டும்.

நான் ஈப்போவில் உருக்கு வார்க்கும் ஆலை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவன். மலாயாவில் ஈயக் கப்பல் என்று ஒன்று உண்டு. குளத்தில் மிதந்துகொண்டு சேற்றை வாளி வாளியாக அள்ளி ஈயத்தைப் பிரிக்கும். அந்த வாளிகளும் அவற்றைக் கோக்கும் ஆணிகளும் எங்கள் ஆலையில் வார்த்தவை. என் கூட்டத்தில் எங்கள் தீவுப் பகுதி ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். முருகேசு உலைக்காரன், நெருப்போடு பேசுவான், மனிதரோடு பேசமாட்டான். மனுவேல் உங்கள் ஊர்காவற்றுறைப் பக்கம், வேதக்காரன். உருகியதை வாளியில் ஏந்தி அச்சில் ஊற்றுவது அவன் வேலை. வாயும் அப்படித்தான், ஊற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாமவன் இலட்சுமணன், அச்சுப் பிடிப்பவன். கைகாரன். அவன் பிடித்த அச்சில் குறை கண்டுபிடிக்க நான் பல தடவை முயன்றிருக்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இதை மட்டும் கவனமாக எழுதுங்கள், தம்பி. அச்சு மண்ணில் ஈரம் இருந்தால், உருகிய உலோகம் பட்டதும் அது ஆவியாகிப் போக வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் அச்சை உடைத்துக்கொண்டு போகும்; நெருப்பையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போகும். அதனால் அச்சைச் சுட்டுக் காயவைப்போம். ஊற்றுவதற்கு முன் மேஸ்திரி வந்து புறங்கையை அச்சின் மேல் வைப்பார். ஈரம் இருந்தால் அந்த இடம் கைக்குக் குளிரும். குளிராவிட்டால் மேஸ்திரி, "காய்ஞ்சுது" என்று ஒரு சொல் சொல்லுவார். அந்தச் சொல்லுக்குப் பிறகு வேறு எவரும் அச்சில் கை வைக்கக் கூடாது. வைத்தால் மேஸ்திரியின் முகத்தில் அடித்த மாதிரி. ஒரு சீனன் ஒருமுறை எனக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தான். மறுநாள் அவன் வேறு கூட்டம் தேடிப் போனான். வேறு கூட்டத்தார் அவனைச் சேர்க்கவில்லை என்று கேள்வி. அது என் பொறுப்பில் வராது.

பிறகு ஈயத்துக்கு விலை விழுந்தது. உலகமெல்லாம் மந்தம் என்றார்கள். கப்பல்கள் குளங்களில் சும்மா நின்றன. வாளி கேட்பார் இல்லை. ஒருநாள் துரை என்னைக் கூப்பிட்டு உலையை அணைக்கச் சொன்னார். உள்ளே உருக்கு இருக்கிறது, வடித்துவிட்டு அணைக்கிறேன் என்றேன். வடிக்க வேண்டாம் என்றார். உருக்கு உள்ளேயே உறைந்துபோனால் அந்த உலை பிறகு உலை அல்ல. வெடி வைத்து உடைக்க வேண்டிய கட்டி. அந்த ஆலை இனி ஒருநாளும் திறக்காது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. நான் விளங்கிக்கொண்டேன், அணைத்தேன்.

வெளியே வந்து கூட்டத்துக்குச் சொன்னேன்: "இது கொஞ்சக் காலத்துக்குத்தானாம். மந்தம் தீர்ந்த உடனை துரை எங்களைத்தான் முதல் கூப்பிடுவாராம். கூட்டத்தைக் கலைய விடாமல் வைச்சிருக்கட்டாம்." துரை அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு துரை சொல்லியிருக்க வேண்டியதைத்தான் நான் சொன்னேன். இதைப் பொய் என்று எழுத வேண்டாம்.

ஊருக்குத் திரும்பி வந்தவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். எங்களைப் போல மலாயாவில் வேலை போனவர்கள் தீவெல்லாம் கிடந்தார்கள். நெடுந்தீவில் ஒருவர் காற்சட்டையோடு மாடு மேய்த்தார். மண்கும்பானில் ஒருவர் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மீன் விற்க வந்த பெண்ணை மலாய் மொழியில் விசாரித்து, அவள் தமிழில் சொன்ன பதிலோடு வீட்டுக்குப் போனார். பெண்களுக்கும் கஷ்டந்தான். இவ்வளவு காலம் புருஷனின் படத்தோடு குடும்பம் நடத்திப் பழகியவர்கள். படம் குசினிக்குள் வந்து, சொதியில் உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் ஈப்போவில் இருந்த வரைக்கும் எங்கள் இனசனம் எங்களைக் "கொம்பனி உத்தியோகம்" என்று சொல்லி, எங்கள் பெயரில் சம்பந்தமெல்லாம் பேசியது. கொம்பனியில் என்ன உத்தியோகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. காற்சட்டை போட்டுக்கொண்டு இரும்பு வேலை செய்தால் உத்தியோகம். அதையே இறுப்பிட்டியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்தபோது, சாதிக்கு ஆகாது என்று என் மைத்துனர் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அதனால் நட்டம் இல்லை. மனுஷன் நிறையச் சாப்பிடுவார்.

கரையோரம் என் வளவில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டேன். உலை கட்டினோம். அதை ஆலை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல மற்றவர்களும் சொன்னார்கள். ஆலையென்றால் ஊதல் வேண்டும். ஊதலுக்கு எங்கே போவது, சங்கை எடுத்தேன். முதல்நாள் காலையில் நான் ஊதியபோது அயல் முழுவதும் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆர் செத்தது?" என்று கேட்டு வந்துவிட்டது. கோயில் ஐயர் வேறு வந்து, "இது சாமிக்கு ஊதிறது, ஆழ்வாப்பிள்ளை" என்றார். சாமி நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டியதில்லை, எங்கள் ஆட்கள் போக வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். ஐயருக்கு விளங்கவில்லை.

காலைச் சங்குக்கு மூன்று பேரும் வருவார்கள். மத்தியானச் சங்குக்குச் சாப்பாடு. பின்னேரச் சங்குக்கு வீடு. தோணிக்காரருக்கு நங்கூரம் வார்த்தோம். கிணற்றுக் கப்பி வார்த்தோம். வேலை இல்லாத நாளில் மணலை அரித்தோம். அரித்த மணலை மறுநாள் திரும்ப அரித்தோம். மனுவேல் பகிடி விடுவான்: "அண்ணை, இந்த மண்ணைப் போல சுத்தமான மண் வைகுண்டத்திலையும் இருக்காது. எங்கட பாதிரியாரைக் கூப்பிட்டு ஞானஸ்நானம் குடுப்பமோ?" நான் சிரிக்கமாட்டேன். வேலைத்தலத்தில் மேஸ்திரி சிரிக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்ச் சிரித்திருக்கிறேன்.

இடையில் முருகேசுவுக்கு லாஞ்சி ஒன்றில் இயந்திரம் பார்க்கும் வேலை வந்தது. "கொம்பனி கூப்பிடேக்கை நீ நடுக்கடலிலையோ நிக்கப்போறாய்?" என்று கேட்டேன். அவன் போகவில்லை. அன்று அவன் வீட்டில் சட்டி பானை பறந்ததாகச் சொன்னார்கள். உலைக்காரனுக்குச் சத்தம் பழக்கந்தானே.

இப்படியிருக்கையில்தான் அம்மன் கோயில் மணி வெடித்துப் போனது. அடித்தால் ஓட்டைக் குடத்தைத் தட்டின சத்தம். தர்மகர்த்தா தில்லைநாதர் இந்தியாவிலிருந்து புதுமணி எடுப்பிக்கப் பார்த்தார். நான் போய், நாங்கள் வார்க்கிறோம் என்றேன். "நீங்கள் இரும்புக்காரர். வெண்கலம் உங்களுக்குப் பிடிபடுமோ?" என்று கேட்டார். உருகினால் எல்லாம் தண்ணீர்தான் என்றேன். அவர் யோசித்தார். ஊர் மணியை ஊர் ஆட்களே வார்த்தார்கள் என்று மற்றத் தீவார் கேட்கச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. பெண்கள் உடைந்த குத்துவிளக்கு, நெளிந்த செம்பு, மூக்குப்போன கெண்டி என்று கொண்டுவந்து குவித்தார்கள். படியேறாத மைத்துனர்கூட ஒரு தாம்பாளத்தோடு வந்தார்.

அந்த நாட்களைப் போல நல்ல நாட்கள் எனக்கு ஈப்போவிலும் கிடைத்ததில்லை, ஐயா. நான் சங்கை எடுக்க முன்னமே மனுவேல் வந்து நிற்பான். முருகேசு வாய் திறந்து பேசினான். கரி நல்ல கரி என்றான். இலட்சுமணன் மண்கும்பான் மணலை நல்ல தண்ணீர்க் கிணற்றில் அலசி உப்பைப் போக்கி, களிமண்ணோடு பிசைந்து, நிலத்தில் குழி வெட்டி அதற்குள் அச்சை எழுப்பினான். ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். கொட்டிலை ஆலை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே சொன்னார்கள். எனக்கு ஈப்போ ஞாபகம் வரவே இல்லை.

அச்சு முடிகிற தறுவாயில் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு இருந்தோம். இலட்சுமணன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அண்ணை, மணி வார்த்து முடியட்டும். அதோடை நான் நிக்கப்போறன். மீனலோசனியின்ரை தேப்பனுக்கு ஏலாது. அந்தாளின்ரை புகையிலைத் தோட்டம் பாக்க ஆளில்லாமல் கிடக்கு." மீனலோசனி அவன் மனைவி.

"அப்ப கொம்பனி கூப்பிட்டால்?" என்று கேட்டேன்.

அவன் மற்ற இருவரையும் பார்த்தான். பிறகு மெதுவாக, நோகாமல் சொன்னான். நோகாமல் என்பதை எழுதுங்கள். "அண்ணை, உலைக்குள்ளை உருக்கு உறைஞ்சு கிடந்ததை நானும் பாத்தனான். முருகேசும் பாத்தவன். ஆலை முடிஞ்சுது எண்டு அண்டைக்கே எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மனம் நோகக் கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் சங்குக்கு வந்தனாங்கள்."

முருகேசு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தச் சொல்லுக்கும் பகிடி வைத்திருக்கும் மனுவேல் அன்று ஒரு பகிடியும் சொல்லவில்லை. "ஓம் அண்ணை," என்று மட்டும் சொன்னான். "எனக்கும் தோணியிலை ஒரு இடம் பாத்திருக்கினம். நீங்கள் ஒண்டும் நினையாதேங்கோ."

நான் ஒன்றும் நினைக்கவில்லை. கோபமும் வரவில்லை. கோபம் வந்திருந்தால் ஏசியிருப்பேன். மலாயாவில் என் ஏச்சுக்குப் பெயர் இருந்தது. பின்னேரச் சங்கை எடுத்து ஊதினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெயில் உச்சியில் நின்றது, நேரத்துக்கு முன்னமே ஊதிவிட்டேன் போலிருக்கிறது. அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அதுவும் என் மனம் நோகக் கூடாது என்றுதான் இருக்கும்.

அன்று கொட்டிலில் தனியாக இருந்து யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். ஒருவன் தானாக விலகிப் போனால் கூட்டம் கலையும். அவன் பின்னால் இன்னொருவன், இன்னொருவன். ஆனால் ஒருவன் வேலையில் இறந்துபோனால் அப்படி இல்லை. ஈப்போவில் கண்டிருக்கிறேன். ஆள் செத்த கூட்டம் மறுநாள் நேரத்துக்கு வரும். ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள். மேஸ்திரி சொல்லுக்கு மறுசொல் இராது. இது நான் கண்டுபிடித்தது அல்ல. எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்லுவார், சொல்ல விருப்பம் இருந்தால்.

நான் அவனுக்கு ஒரு தீங்கும் நினைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் விட்டுப் போக வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

சாத்திரியார் வைத்த முகூர்த்தம் காலை வேளை. அதற்கு முந்தின இரண்டு மூன்று நாளும் வாடைக்காற்றும் தூறலும். கொட்டில் ஒழுகியது. அச்சைச் சுட்டோம், சுட்டும் நிலத்தடி ஈரம் ஏறியது. முந்தினநாள் பின்னேரம் இலட்சுமணன் என்னிடம் வந்தான். "அண்ணை, இன்னும் ஒருக்கால் சுட்டால் நல்லம். அடிப்பக்கம் எனக்குக் குளிருற மாதிரிக் கிடக்கு" என்றான். "காலமை நான் கை வைச்சுப் பாக்கிறன்" என்றேன். அவனுக்கு அது போதுமாயிருந்தது. வீட்டுக்குப் போனான்.

இப்போது ஊரில் எல்லோரும் முகூர்த்தத்தைக் குறை சொல்லுகிறார்கள். முகூர்த்தம் பாவம். அச்சு காயவில்லை, தள்ளி வையுங்கள் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், தில்லைநாதர் சாத்திரியாரைப் பிடித்து வேறு முகூர்த்தம் எடுத்திருப்பார். சாத்திரியார் மடியில் எப்போதும் ஒன்று இருக்கும். மழையையும் குறை சொல்லுகிறார்கள். மழை அதன் காலத்துக்குத்தான் பெய்தது.

காலையில் மேளம் வந்தது. சனம் வந்தது. வழக்கப்படி பெண்கள் ஒவ்வொருவராக வந்து தோடு, மோதிரம் என்று தங்களால் இயன்றதை உருகும் வெண்கலத்தில் போட்டார்கள். மீனலோசனியும் மோதிரம் ஒன்றைக் கழற்றிப் போட்டாள். போட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நான் சனத்தை வேலிக்கு அப்பால் போகச் சொன்னேன். தில்லைநாதர் தனக்கு முன்னுக்கு நிற்க உரிமை உண்டு என்றார். அவரையும் போகச் சொன்னேன். குழந்தைகளை இன்னும் தூரத்தில் பனங்கூடலுக்குள் நிற்கவைத்தேன். வாளித் தண்டைப் பிடிக்கும் மனுவேலுக்கும் முருகேசுவுக்கும் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டேன். தண்டு நீளமானது, கடைசியில் பிடியுங்கள் என்றேன். நான் வழக்கமாக அச்சின் தலைமாட்டில் நிற்பவன். அன்று மணற்குவியலுக்குப் பின்னால் நின்றேன். விபத்து என்று தீர்ப்புச் சொன்ன பெரியவர் இதையெல்லாம் ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சனம் தப்பியது அம்மன் அருள் என்று தில்லைநாதர் சொல்லித் திரிகிறார். அம்மன் அன்று ஒரு வேலையும் செய்யவில்லை. சனத்தைத் தள்ளி நிறுத்தினது நான்.

அச்சுப் பிடித்தவன் நிற்கும் இடம் அச்சின் பக்கத்தில். உலோகம் உள்ளே போகும்போது மூச்சுத் துளைகளால் வாயு வரும். குனிந்து நின்று பந்தத்தால் அதற்குத் தீ காட்ட வேண்டும். இலட்சுமணன் பந்தத்தோடு வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்தான்.

நான் குழிக்குள் இறங்கி அடிப்பக்கத்தில் புறங்கையை வைத்தேன். குளிர்ந்தது, ஐயா. சந்தேகமே இல்லை. கிணற்றுக் கட்டில் கை வைத்த மாதிரிக் குளிர்ந்தது. ஒரு தரம் எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அப்போதும் குளிர்ந்தது. மேலே ஏறி வந்து, "காய்ஞ்சுது" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. முந்தினநாள் தன் கைக்குக் குளிர்ந்தது அவனுக்குத் தெரியும். ஆனாலும் குனிந்து இன்னொருமுறை தொட்டுப் பார்க்கவில்லை. தன் கையைவிட என் கையை நம்பினான். அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒரு மேஸ்திரிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

பிறகு நடந்ததை நீங்கள் வந்து பார்த்தீர்கள். சத்தம் நயினாதீவு வரைக்கும் கேட்டதாம். எங்கள் ஊர் எப்போதும் கூட்டித்தான் சொல்லும். இலட்சுமணன் கஷ்டப்படவில்லை என்று வைத்தியர் சொன்னார். மனுவேலின் காலில் நெருப்புக் கொட்டுண்டது எனக்குக் கவலைதான். அவன் நான் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை; இலட்சுமணனை இழுக்க ஓடினான். சொன்ன சொல் கேட்டிருந்தால் இன்றைக்கு உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதில்லை.

செத்தவீடு முடிந்த மறுநாள் காலையில் சங்கை ஊதினேன். ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் ஊதினேன். முருகேசு லாஞ்சிக்காரரிடம் போய் நின்றானாம். மனுவேலை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை, வெண்கலம் எங்களுக்குப் புதிசுதானே" என்றான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் போட்ட கணக்கு சரி. கெடுத்தது அந்தத் தீர்ப்பு. ஈரமானதுக்கும் காய்ந்ததுக்கும் வித்தியாசம் தெரியாத மேஸ்திரியின் கீழ் யார் வந்து வேலை செய்வான்? கூட்டத்தைக் கலைத்தது நான் அல்ல, ஐயா, உங்கள் ஆட்கள்.

ஊரில் எல்லோரும் என்னோடு அன்பாக இருக்கிறார்கள். இதுவரை இவ்வளவு அன்பாக இருந்ததில்லை. சந்தியால் போனால், "பாவம், தெரியாமல் நடந்ததுக்கு மனுஷன் என்ன செய்யும்" என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொல்லுகிறார்கள். ஐயர் திருநீறு கொண்டுவந்து தருகிறார். மைத்துனர் மறுபடியும் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார். அன்னப்பிள்ளை கறிக்கு உப்புப் போட்டுவிட்டு, "காணுமோ?" என்று என்னைக் கேட்கிறாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னை அப்படிக் கேட்டதில்லை.

அதையும் பொறுத்திருப்பேன். நேற்று எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்குக்கு இலட்சுமணன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. என் கூட்டத்து ஆள். சனம் ஒதுங்கி வழி விட்டது. மீனலோசனி உள்ளே இருந்து எழுந்து வந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். அவள் என்னை ஏசப் போகிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் ஆயத்தமாகத்தான் நின்றேன்.

அவள் ஏசவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் தந்தாள். "அழாதேங்கோ அண்ணை," என்றாள். "உங்களுக்கென்ன, தெரிஞ்சோ நடந்தது. ஈரமெண்டு தெரிஞ்சால் விட்டிருப்பியளோ? அவர் உங்களைத் தன்ரை தேப்பன் மாதிரியெல்லோ நினைச்சவர். நீங்கள் மனம் நோகாதேங்கோ."

நான் அழவில்லை, ஐயா. இவ்வளவு காலம் உலைக்குப் பக்கத்தில் இருந்த கண் சும்மாவே தண்ணீர் விடும். தண்ணீரைக் குடித்தேன். செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். செம்பு நீட்டிய என் கையை அவள் தன் கையால் பிடித்துக்கொண்டாள். எந்தக் கை என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தும் நித்திரை இல்லை. அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது. அவ்வளவு காலமும், தன் புருஷன் ஒன்றும் தெரியாத ஒரு விசரன் கையில் அகப்பட்டுச் செத்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டு இருப்பாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய குறை. தூக்கில் போடுவதானால் போடுங்கள், அது உங்கள் வேலை, நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் இன்றைக்கே ஒரு பொலிசை இறுப்பிட்டிக்கு அனுப்பி மீனலோசனிக்குச் சொல்லுங்கள்: அச்சு ஈரம் என்று மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும், இரண்டு தரம் கை வைத்துப் பார்த்து, தெரிந்துகொண்டுதான் சொன்னார் என்று. கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.